அல்லிக்குளத்துச் சாவி வைத்திருந்தவர்

அந்தத் தோட்டத்தைச் சுற்றிப் பார்க்க முக்கால் மணி நேரம் போதும். அங்கிருந்த தோட்டக்காரரோடு போனால் இரண்டரை மணி நேரம் ஆகும். நில் என்றால் நிற்பார். இன்னொரு தரம் போய்ப் பார்க்கலாமா என்றால் வந்த வழியே திரும்புவார். ரோஜாப் பாத்தியில் யாராவது ஒரு பூ கேட்டால், பூப்பறிக்கக் கூடாது என்று எழுதிய பலகைக்குப் பக்கத்திலேயே நின்று பறித்துக் கொடுப்பார். காரியஸ்தர் பார்த்துவிட்டு, "ஏன்யா பறிச்ச?" என்று சத்தம் போட்டால், "தப்புதாங்க" என்பார். பூவைக் கொடுத்த முகமும் தப்பென்று சொல்லும் முகமும் ஒன்றாகவே இருக்கும்.

புதுக்கோட்டையிலிருந்து அரிமளம் போகும் பக்கம், வெள்ளாற்றின் கரையில் இருந்தது அந்தப் பங்களா. சமஸ்தானத்தில் செல்வாக்காக இருந்த ஒரு குடும்பத்தின் மூதாதை, கோடைக்கு ஆற்றுக்காற்று வேண்டும் என்று கட்டியது. நான் போன காலத்தில் எசமான் மெட்ராஸில் இருந்தார். வருஷத்தில் பத்து நாள் வருவார். மற்ற நாட்களில் காரியஸ்தர் வைத்ததுதான் சட்டம். வெளியாட்கள் உள்ளே போகக் கடிதம் வேண்டும். ஆடிப் பதினெட்டு அன்று மட்டும் கடிதம் வேண்டாம். காலையிலிருந்து பொழுது சாயும் வரை வாசல் திறந்தே கிடக்கும். சனங்கள் தோட்டத்தின் வழியாக நடந்து பங்களாவின் படித்துறையில் இறங்கிக் குளித்து, புது மஞ்சள் சரடு கட்டிக்கொண்டு, கட்டுச்சோற்று மூட்டையோடு மரத்தடிகளில் உட்கார்ந்துவிடுவார்கள். அவர்களுக்கு வழி காட்டுவது அவர் வேலை. தலைமைத் தோட்டக்காரர் என்று பெயர். அவருக்குக் கீழே யாரும் இல்லை.

மெட்ராஸில் ஒன்றரை வருஷம் பயிற்சி முடித்து, ஹெல்த் விசிட்டராக நான் அந்தப் பக்கம் வந்து சேர்ந்தது ஒரு ஆடி மாதம். உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். வேலை தற்காலிகம். எதைப் பார்த்தாலும் நோட்டுப் புத்தகத்தில் வரிசையாக எழுதிக்கொள்வேன். அன்று எழுதியது இப்போதும் என்னிடம் இருக்கிறது. சிங்க முகத் தூண் இரண்டு. குரோட்டன்ஸ் தொட்டி நாற்பத்திரண்டு. ரோஜாப் பாத்தி பன்னிரண்டு. எட்டுக்கோண மண்டபம் ஒன்று. சுற்றுச்சுவரும் இரும்புக் கிராதிக் கதவும் போட்ட அல்லிக்குளம் ஒன்று; உள்ளே சிவப்பும் வெள்ளையுமாகச் சீமை மீன்கள். படித்துறைக்கு மேலே ஒரு பெரிய மருதமரம்.

மரத்தின் வயதையும் எழுதிக்கொள்ளலாம் என்று அவரைக் கேட்டேன்.

"நீங்க படிச்சவங்க. ஒங்களுக்கு என்னம்மா தோணுது?" என்றார்.

"நூறு வருஷம் இருக்குமா?"

"நூறுதாங்கம்மா."

பின்னால் வந்த பெரியவர் ஒருவர் விடவில்லை. "யோவ், எங்க தாத்தா சின்னப்புள்ளையா இருக்கப்பவே இது இம்புட்டுத் தண்டி இருந்துச்சாம். எரநூறுக்குக் கொறையாதுய்யா."

"எரநூறும் இருக்கும்ங்க."

"இங்க யானை கட்டுனாகளா?" என்றாள் ஒரு பெண். கட்டினார்கள் என்றார். "யானையெல்லாம் பொய்யி, குதிரதான்" என்று அவள் புருஷன் சொன்னதும், குதிரைதான் என்றார். கூட்டம் சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வயது என்ற இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு நோட்டை மூடினேன்.

ஐம்பது வயதைத் தாண்டியவர். ஒல்லி. எசமான் போட்டுக் கழித்த காக்கிக் கோட்டு, பொத்தான் இல்லாமல். அரைஞாண் கயிற்றில் சாவிக்கொத்து. யார் பேசினாலும் தலையை இடப்பக்கம் சாய்த்து நிற்பார். கேள்வி பாதியில் இருக்கும்போதே அந்தத் தலை ஆட ஆரம்பித்துவிடும்.

இரண்டு மாதம் கழித்துத் தோள் வீங்கி என்னிடம் வந்தார். அவர் மகள் இழுத்துக்கொண்டு வந்தாள் என்று சொல்வதுதான் சரி. ஆற்றங்கரையில், பங்களாவை ஒட்டிய குடியிருப்பில்தான் அவளைக் கட்டிக் கொடுத்திருந்தது. இருபது, இருபத்திரண்டு வயது. இடுப்பில் கைக்குழந்தை. வாய் நிற்காது.

"கேளுங்க நர்சம்மா இந்தக் கூத்த. எசமான் தங்கச்சி வந்திருக்காக. தொட்டியெல்லாம் கெழக்க வையின்னாக. இவரு வச்சாரு. காரியஸ்தரு வந்து மேக்க வையின்னாரு. வச்சாரு. அந்தம்மா சாயங்காலம் பாத்துட்டு மறுபடி கெழக்க. நாப்பத்திரண்டு தொட்டி! நாலு நாளா இதே வேல. ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்த கெடையாது. நடுவுல எங்கப்பா தோளு."

"ஒருத்தர்கிட்டயாவது முடியாதுன்னு சொல்லக் கூடாதா?" என்று அவரைக் கேட்டேன்.

"சொல்லலாம்மா."

"அப்ப ஏன் சொல்லல?"

"இனிமே சொல்றேம்மா."

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "என்னையக் கட்டிக் குடுத்த கதயக் கேளுங்க. பொண்ணு கேட்டு ஆலங்குடிலேருந்து ஒரு கூட்டம் வந்துச்சு. சரின்னாரு. அடுத்த வாரம் இந்த ஊருலேருந்து வந்தாக. அவுகளுக்கும் சரின்னாரு. ஒரே நாள்ல ரெண்டு பக்கமும் தாம்பாளத்தத் தூக்கிக்கிட்டு வந்து வாசல்ல நிக்கிறாக. கம்பு எடுக்காத கொறதான். எங்க சின்னய்யா வந்து ஆலங்குடிக்காரகளக் கால்ல விழுந்து அனுப்பி வச்சாரு. இவரு எங்க நின்னாரு தெரியுமா? ரெண்டு வீட்டுக்கும் மோர் கரைச்சுக்கிட்டு இருந்தாரு."

அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். தைலம் தடவக் கோட்டைக் கழற்றச் சொன்னேன். முதுகில் பழைய தழும்புகள், குறுக்கே ஐந்து. ஆழமாக வெட்டி ஆறியவை. தோல் அங்கே பளபளவென்று இழுத்துக்கொண்டிருந்தது. என்ன இது என்றேன்.

"கெடக்கட்டும்மா" என்றார்.

மகளின் குரல் இறங்கியது. "பன்னெண்டு வயசுல ஒரே ஒருக்கா மாட்டேன்னாராம். பெரிய எசமான் காலத்துல. எதுக்கு மாட்டேன்னாருன்னு எங்காத்தா கேட்டதுக்கே சொல்லல. மருதமரத்துல கட்டி வச்சு அடிச்சாகளாம்." உடனே பழைய குரலுக்கு வந்துவிட்டாள். "அதுக்குன்னு இப்படியா? கழுத்தக் கேட்டாலும் நீட்டிப்புட்டு, கத்தி மொட்டையா இருக்கேன்னு தீட்டியும் குடுப்பாரு."

அதற்குப் பிறகு எனக்கு அவர் மேல் ஒரு பரிவு உண்டானது. அதைவிட, அவரால் ஒரு சௌகரியமும் உண்டானது. தடுப்பூசிக்கு ஆள் திரட்ட வேண்டுமா, அவரிடம் சொன்னால் போதும். முதலில் அவரே கையை நீட்டுவார். என் பெட்டியைச் சுமக்க, ஊரில் செய்தி சொல்ல, எல்லாவற்றுக்கும் அவர்தான். நானும் தொட்டிகளை நகர்த்தச் சொன்னவர்களில் ஒருத்தியாகிவிட்டேன் என்பது அப்போது தோன்றவில்லை.

அடுத்த பங்குனியில் வெள்ளாறு முழுக்க மணலாகிவிட்டது. மணலில் ஊற்றுத் தோண்டித்தான் தண்ணீர். சித்திரை பிறந்த வாரம், அந்தக் குடியிருப்பில் வாந்திபேதி கண்டு ஒருவர் இறந்தார். மறுநாள் காலையிலேயே பொட்டாசியம் பெர்மாங்கனேட் டப்பாவோடு போய் இறங்கினேன். அதைக் கரைத்து ஊற்றினால் தண்ணீர் செந்நீலமாக நிறம் மாறும், கிருமி சாகும், ஒரு நாள் விட்டுக் குடிக்கலாம். முதல் வேலை, சனங்கள் தண்ணீர் எடுக்கும் இடங்களைப் பட்டியல் எடுப்பது. இரண்டாவது, பட்டியலில் உள்ளவை எல்லாவற்றுக்கும் மருந்து போடுவது. ஏதாவது ஒன்றுக்குப் போட முடியாமல் போனால், அதைப் பூட்டிச் சாவியை நாங்களே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். இதுதான் விதி.

கிணறு மூன்று, ஆற்று ஊற்று எட்டு. பதினொன்று எழுதியிருந்தேன். பங்களா வாசலில் காரியஸ்தர் நின்றார்.

"அல்லிக்குளத்துக்கு மட்டும் வேணாம்மா" என்றார். "எசமான் மெட்ராஸிலேருந்து ரயில்ல கண்ணாடிச் சாடியில வச்சுக் கொண்டாந்த மீனு. மருந்து பட்டா செத்துப்போகும். அடுத்த வாரம் வர்றாரு. யாரு பதில் சொல்றது? அந்தத் தண்ணியக் குடிக்கிறவுக யாரும் இல்ல. அது பாக்குறதுக்கு உள்ள குளம்."

எசமானுக்கு என் மேலதிகாரியைத் தெரியும் என்று எனக்குத் தெரியும். நான் தயங்கியதைச் சாவிக்கொத்தோடு பின்னால் நின்ற தோட்டக்காரர் பார்த்திருக்க வேண்டும். காரியஸ்தர் நகர்ந்ததும், அவராகவே என் அருகில் வந்தார். அவராக ஒன்றைச் சொல்லி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

"அதையும் எழுதிக்கங்கம்மா. வெயில் ஏற ஏறச் சனங்க வந்து கேப்பாங்க."

"கேட்டா விடாதீங்க. பூட்டு இருக்குல்ல? சாவி உங்ககிட்டதானே இருக்கு?"

"ஆமாங்கம்மா."

"யாருக்கும் திறக்கக் கூடாது. சரியா?"

தலை ஆடத் தொடங்கியிருந்தது. "சரிங்கம்மா."

பட்டியலில் ஏற்றினால் மருந்து போட வேண்டும். மருந்து போடவில்லை என்றால் சாவியை வாங்க வேண்டும். சாவியை வாங்கினால் ஏன் மருந்து போடவில்லை என்று எழுத வேண்டும். எழுதாமல் விடுவது எல்லாவற்றையும்விட எளிது. நோட்டில் பதினொன்றுக்குக் கீழே கோடு போட்டேன். அந்த மனிதரின் 'சரி' எப்படிப்பட்டது என்று ஊரில் என்னைவிட நன்றாக அறிந்தவர்கள் அவர் மகளைத் தவிர யாரும் இல்லை. தெரிந்துகொண்டே அதை ஒரு பூட்டாகக் கணக்கில் சேர்த்தேன்.

மருந்து ஊற்றிய அன்று மாலையே இன்னும் இரண்டு பேர் இறந்தார்கள். அவர்களுக்கு நோய் முன்பே கண்டிருந்தது. சனங்கள் அப்படிப் பார்க்கவில்லை. கிணற்றில் சிவப்பாக எதையோ கொட்டினார்கள், அன்றைக்கே சாவு விழுந்தது. கிணற்றடியில் பெண்கள் வெறுங்குடத்தோடு நின்றார்கள். நான் ஒரு டம்ளர் மொண்டு அவர்கள் முன்னால் குடித்துக் காட்டினேன்.

"ஒங்களுக்கு மாத்து மருந்து வச்சிருப்பீங்க" என்றாள் ஒருத்தி.

"ரத்தத்தக் கரைச்சு ஊத்துன மாதிரி இருக்கு. இத எப்படிப் புள்ளைக்குக் குடுக்குறது?" என்றாள் தோட்டக்காரர் மகள். என்னைப் பார்த்து எப்போதும் சிரிப்பவள். அன்று சிரிக்கவில்லை.

ஒரு நாளில் நிறம் போய்விடும், பயப்படாதீர்கள் என்றேன். திருவரங்குளத்துப் பக்கத்திலும் நோய் கண்டதாகச் செய்தி வந்தது. அன்றே அங்கே ஊசி போடப் போக வேண்டியதாயிற்று. ஆறு நாள் இருந்தேன்.

அந்த ஆறு நாளில் நடந்ததைப் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி பின்னால் சொன்னாள். இரண்டாம் நாளே பெண்கள் குடங்களோடு பங்களா வாசலுக்குப் போயிருக்கிறார்கள். காரியஸ்தர் நோய்க்குப் பயந்து புதுக்கோட்டைக்குப் போய்விட்டிருந்தார்.

"நர்சம்மா கூடாதுன்னு சொல்லியிருக்காங்க தாயி, அப்படின்னுதான் மொதல்ல சொன்னாரு. அவரு மக விட்டாளா? அவுக ஊத்துன தண்ணிய அவுகளே குடிக்கட்டும், எங்களுக்கு வெள்ளத் தண்ணி வேணும், தெறங்கப்பான்னா. மகளுக்காகத் தெறந்தாருன்னு நெனைக்காதீங்கம்மா. மொதல்ல நின்னு கேட்டது நானு. அப்பவே சாவியக் கையில எடுத்துட்டாரு."

குளத்துப் படியில் பாசி வழுக்கும் என்று அவர் யாரையும் இறங்க விடவில்லையாம். அவரே படியில் நின்று, ஒவ்வொருவர் குடத்தையும் வாங்கி, முக்கி எடுத்து மேலே கொடுத்திருக்கிறார். நோய் கண்ட வீட்டுக் குடமும் அந்தத் தண்ணீரில்தான் முங்கியது. பிறகு மற்றவர்கள் குடங்கள். இப்படி நாலு நாள், காலையும் மாலையும்.

நான் திரும்பி வந்தபோது மேலும் ஏழு பேர் போயிருந்தார்கள். ஆறாவது அவர் மகள். குழந்தைக்குப் பால் மட்டும் கொடுத்துக்கொண்டிருந்ததால் அது பிழைத்துக்கொண்டது.

அவரைக் குளத்தருகே பார்த்தேன். காரியஸ்தர் வந்திருந்தார். குளத்துக்கு மருந்து போட ஏற்பாடு நடந்தது. அதற்கு முன்னால் இரண்டு அண்டாக்களில் ஆற்று ஊற்றுத் தண்ணீரை நிரப்பி, மீன்களை வேட்டித் துணியால் அரித்துப் பிடித்து அதில் விட்டார்கள். விட்டவர் அவர்தான், இடுப்பளவு தண்ணீரில் நின்று, ஒன்றுகூடச் சாகாமல். அரைமணி நேர வேலை. ஏழு நாளைக்கு முன்பே செய்திருக்கலாம். யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

மூன்றாம் நாள் புதுக்கோட்டையிலிருந்து ஹெல்த் ஆபீசர் காரில் வந்தார். எட்டுக்கோண மண்டபத்தில் பிரம்பு நாற்காலி போட்டு, இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். பகல் பதினொன்றரை மணி. காரியஸ்தரும் நானும் ஒரு பக்கம் நின்றோம். குடியிருப்பிலிருந்து நாலைந்து பேர் கைகட்டித் தள்ளி நின்றார்கள். தோட்டக்காரர் படிக்குக் கீழே, வெயிலில்.

"குளத்துக்கு மருந்து போடாதீங்கன்னு யாராவது தடுத்தீங்களா?" என்று ஆபீசர் கேட்டார்.

காரியஸ்தர் கீழே நின்றவர் பக்கம் திரும்பினார். "நீயே சொல்லுப்பா. வேணாம்னு நான் ஒரு வார்த்தை சொல்லியிருப்பனா?"

"இல்லீங்க."

ஆபீசர் என் பட்டியலைப் புரட்டினார். "பதினொன்றுதான் இருக்கிறது. மருந்து போடாத குளம் என்றால் சாவி உங்கள் கையில் அல்லவா இருந்திருக்க வேண்டும்?"

 என் வேலை தற்காலிகமானது என்று முன்பே சொன்னேன். அப்பா இறந்த பிறகு வீட்டுக்கு வரும் ஒரே சம்பளமும் அதுதான். இதை நியாயமாகச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் மனசில் ஓடியது இது என்பதற்காகச் சொல்கிறேன். நான் அவரைப் பார்த்துக் கேட்டேன், குரல் கொஞ்சமும் நடுங்காமல்:

"நான் சாவி கேட்டேன்ல?"

நான் கேட்டு முடிப்பதற்குள் தலை ஆடியது. "கேட்டீங்கம்மா. நாந்தான் குடுக்கல."

"ஏன் கொடுக்கவில்லை?" என்றார் ஆபீசர்.

 ஒரு பொருளைக் கேட்டவருக்குக் கொடுக்காமல் இருப்பதற்கு என்ன காரணம் இருக்கும் என்று தேடுகிறவர்போலத் தோட்டக்காரர் மண்டபத்துத் தூண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "குடுக்கத் தோணலீங்க" என்றார் கடைசியில். கைகட்டி நின்ற சனங்களில் ஒருவர்கூட நிமிரவில்லை. அவர் ஒருவருக்கு ஒன்றை மறுத்தார் என்பதை அந்தக் கூட்டத்தில் நம்பக்கூடியவர் வெளியூரிலிருந்து வந்த ஆபீசர் ஒருவர் மட்டுமே. அவர் எழுதிக்கொண்டார். பிறகு மையைத் தடவி இவருடைய பெருவிரலை ஒற்றி எடுத்தார்கள். சாட்சிக் கையெழுத்து என்னுடையது.

சாவிக்கொத்தைக் காரியஸ்தர் வாங்கிக்கொண்டார். பொழுது சாய்வதற்குள் தோட்டத்துக் குடிசையைக் காலி செய்யச் சொன்னார். அந்த ஐப்பசியில் எனக்கு வேலை நிரந்தரமானது.

இதெல்லாம் நடந்து ஆறு வருஷம் ஆகிறது. அவர் எங்கே போனார் என்று தெரியாது. கும்பகோணம் பக்கம் ஒரு சத்திரத்தில் தண்ணீர் இறைக்கிறார் என்றார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை.

கடைசியாக அவரைப் பார்த்தது அன்று பகலில்தான். ஆபீசர் சாப்பிடுவதற்காகப் பங்களாவுக்குள் போயிருந்தார். கார் வாசலில் நின்றது. டிரைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது, அவர் சுவர் ஓரமாக எனக்காகக் காத்து நின்றார். விரலில் மை காயவில்லை. திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்ட வேண்டும் என்றும் நினைத்தேன்.

"நான் சொன்னது சரியா இருந்துச்சாம்மா?" என்றார்.

பெட்டியை மறு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

"இன்னும் எதையாச்சும் சேத்துச் சொல்லணும்னா சொல்லுங்க. ஆபீசரய்யா இன்னும் கெளம்பல. போயிச் சொல்லிப்புட்டு வந்துர்றேன்."

முகத்தைப் பார்த்தேன். அதில் குத்தல் இல்லை. உண்மையாகவே கேட்டார். உள்ளதை உள்ளபடி போய்ச் சொல்லுங்கள் என்று நான் சொல்லியிருந்தால், அந்த நிமிஷமே படியேறிப் போய் அதையும் சொல்லியிருப்பார். பத்து எட்டு தூரம். இலை போட்டிருப்பார்கள், ஆபீசர் அப்போதுதான் உட்கார்ந்திருப்பார்.

தலையைச் சாய்த்தபடி காத்திருந்தார்.

"வேற ஒண்ணும் வேணாம், போங்க" என்றேன்.